பூட்டுக்கு வைத்த பொட்டு

டூவீலர் ஸ்டாண்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், "வண்டிப் பாதுகாப்பு என்றால் சங்கிலி அண்ணாத்தயைத்தான் கேட்க வேண்டும், அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது" என்று யாராவது சொல்லியிருந்தால், அப்படிச் சொன்னவர் மேரி அக்காவிடம் பேசியதே இல்லை என்று அர்த்தம். மேரி அக்கா என்னோடு மாமல்லபுரம் ஸ்டாண்டில் வேலை பார்த்தவர். என்னைப் பற்றிய உண்மை முழுவதும் அவரிடம் இருக்கிறது. அவர் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சங்கிலி என்பது என் பெயர் இல்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டில் நான் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பட்டம். உங்களுக்கே தெரியும், நம் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுக்கும் வாசகம் "சைடு லாக் போடாதீங்க சார்" என்பதுதான். ஹேண்டிலைப் பூட்டிவிட்டால் நாம் வண்டியை நகர்த்தி அடுக்க முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், திருடன் தானே கஷ்டப்பட்டு உடைக்க வேண்டிய ஒரு பூட்டை, போடாதே என்று நாமே சொல்லித் தடுத்துவிடுகிறோம். இது என் மனதை ரொம்ப நாள் உறுத்தியது. அதனால் கனமான ஒரு நீளச் சங்கிலி வாங்கி, சாயங்காலம் வரை எடுக்காத வண்டிகளின் முன்சக்கரங்களுக்குள் கோத்து, கடைசியில் ஒரு பூட்டுப் போட்டேன். வரிசையில் ஒரு வண்டியை இழுத்தால் அத்தனை வண்டியும் கூடவே வரும். அதைச் செய்த நாளிலிருந்து நான் நடந்த நடையைப் பார்த்துத்தான் அந்தப் பட்டம் வைத்தார்கள்.

பிறகு என்னை மாமல்லபுரத்துக்கு சூப்பர்வைசராக அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த வாரமே சங்கிலியை அங்கும் கோத்துவிட்டேன். நுனியை எதில் கட்டுவது? "வண்டி நிறுத்துமிடம்" என்று எழுதிய போர்டின் கம்பத்தில் கட்டினேன். கடற்கரை மண்ணில் நட்ட கம்பம். ஒரு மாடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டது, கம்பம் படுத்துவிட்டது. பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. அசையாத ஒன்றில் கட்டாத சங்கிலி வண்டிக்குப் போட்ட கொலுசு, அவ்வளவுதான். அதன் பிறகு பக்கத்துச் சிற்பப் பட்டறையில் பாதி செதுக்கி விட்டுவிட்ட கருங்கல் தூண் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, ஆழமாகக் குழி தோண்டி நட்டோம். அதில் கட்டினோம். அதை அசைக்க எந்த மாட்டாலும் முடியவில்லை.

அந்த வரிசையில் தினமும் வண்டி விட்டவள் ஜெயந்தி. திருக்கழுக்குன்றம் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமம். அவளுடைய அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் பழைய கறுப்பு மோட்டார் சைக்கிளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் விடியற்காலையில் அதை ஓட்டிக்கொண்டு வந்து எங்களிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் படூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போவாள். அங்கே படுக்கையில் இருந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முதல் நாளே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணாத்த, எங்க ஊருக்கு அந்நேரத்துக்கு பஸ்ஸே கெடையாது. இந்த வண்டி போச்சுனா என் வேலையும் போச்சு. வேலை போச்சுனா வூட்ல அடுப்பு எரியாது. பாத்துக்குவியா?"

நான் சங்கிலியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டினேன். "இத மீறி உன் வண்டிலேர்ந்து ஒரு நட்டு கூட போவாதும்மா" என்றேன். எவ்வளவு வாய்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஆயுத பூஜை.

மாமல்லபுரத்தில் ஆயுத பூஜை என்றால் முதலில் காதுக்குத்தான் தெரியும். வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் உளிச் சத்தம் அன்று இருக்காது. பட்டறைகளில் உளி, சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, வரிசையாகப் படுக்கப் போட்டிருப்பார்கள். மறுநாள் காலை வரை தொட மாட்டார்கள். நம் ஆயுதம் எது? சங்கிலியும் பூட்டும். எனக்கு அன்று பக்தி பொங்கி வழிந்தது. காலையில் வந்த வண்டிகளைச் சங்கிலியில் கோத்து, பூட்டையும் சங்கிலியையும் கழுவித் துடைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பூட்டின் நடுநெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். பூட்டுக்கு நடுநெற்றி எது? சாவித்துவாரம்தான். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம் என்பதால் சாவி தேவைப்படவில்லை. 'டக்' என்று அமுக்கிவிட்டுக் கற்பூரம் காட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வரிசையில் இருந்த ஒவ்வொரு வண்டிக்கும் சாமந்தி மாலை போட்டேன். முன்னால் வாழைக்கன்று கட்டினேன். நம்பர் பிளேட்டில் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசினேன். வாடிக்கையாளர் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் என்று நினைப்பு. மேரி அக்கா தேவாலயத்துக்குப் போகிறவர், பூஜையில் கலந்துகொள்ளவில்லை. பொரியும் கடலையும் மட்டும் வாங்கிக் கொறித்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னா சங்கிலி, எது யாரு வண்டினு எப்டி கண்டுபுடிப்ப? எல்லாம் கல்யாண மாப்புள மாதிரி ஒண்ணா கீது."

"டோக்கன் கீதுல்ல அக்கா" என்றேன்.

விடுமுறை நாள், கூட்டம் அள்ளியது. இடம் போதாமல், காலையிலேயே கடற்கரையைச் சுற்றிப் பார்க்க வந்துவிட்டவர்களின் வண்டிகளையும், பூட்டை அமுக்குவதற்கு முன்பே அதே வரிசையில் சேர்த்துச் சங்கிலிக்குள் கொண்டுவந்திருந்தேன். மதியம் சாப்பிட்டு முடித்து அவர்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சாவி நுழையவில்லை. நெம்மேலிப் பக்கமிருந்து அடிக்கும் காற்றிலும் மதிய வெயிலிலும் சந்தனம் உள்ளே காய்ந்து கல்லாகியிருந்தது.

முதலில் ஊதிப் பார்த்தேன். பிறகு தண்ணீர் ஊற்றினேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். மேரி அக்கா தன் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார், அது உள்ளே உடைந்து நின்றுவிட்டது. இப்போது சந்தனத்தோடு ஊக்கும். நான் முட்டி போட்டுப் பூட்டின் முன் குனிந்திருந்ததைப் பார்த்து ஒருவர், பூஜை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் சேர்ந்தது. குழந்தை அழுகிறது, முட்டுக்காட்டில் படகு சவாரிக்குப் போக வேண்டும், வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சத்தம். பக்கத்துப் பட்டறைச் சிற்பியிடம் ஓடினேன். தூண் கொடுத்த அதே மனிதர்தான்.

"ஒரு உளியும் சுத்தியலும் குடுப்பா, பூட்ட ஒடச்சிட்டுத் தந்துர்றேன்."

"ஐயோ, எல்லாம் பூஜைல கீது. நாளைக்குக் காலைல தீபாராதனை காட்டிதான் எடுப்போம்."

"பேஜாரா பூடுச்சுப்பா, ஆளுங்க அடிக்க வராங்க."

"அதுக்கு? சாமி கிட்ட இருந்து புடுங்கித் தர சொல்றியா?"

வெல்டிங் கடை மூடியிருந்தது. மெக்கானிக் கடையில் ஸ்பேனர்களுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மெக்கானிக் எனக்குப் பொரி கொடுத்தார், ஸ்பேனர் கொடுக்கவில்லை. கை நிறையப் பொரியோடு ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தேன். அப்போதுதான் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நெற்றியில் குங்குமம், முகத்தில் அவ்வளவு பொறுமை.

"கவலைப்படாத அண்ணாத்த. என் வண்டியும் இதுலதான் மாட்டிகினு கீது. ரம்பம் நான் தரேன்" என்றார். தோளில் தொங்கிய பையிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தார். புது பிளேடு பளபளவென்று இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டேன்.

அவர் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். கை ஓய்ந்தபோது அவர் அறுத்தார். எனக்கு வந்த வேகத்தைவிட அவருக்கு வந்த வேகம் அதிகம். எந்தக் கண்ணியில் அறுத்தால் சீக்கிரம் விடும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. தொழில் தெரிந்தவர் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒன்றைக் கவனியுங்கள். பட்டப்பகலில், நடு ஊரில், ஒரு வரிசை வண்டியின் சங்கிலியை இரண்டு பேர் உட்கார்ந்து அறுக்கிறோம். யாராவது "நீங்க யாரு, இன்னா பண்றீங்க" என்று கேட்டிருக்க வேண்டாமா? ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். இன்னொருவர் "கொஞ்சம் சாய்ச்சு அறு" என்று யோசனை சொன்னார். திருட வந்தவர்களாக நாங்கள் இருந்திருந்தால் அத்தனை பேரும் எங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

சங்கிலி அறுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டிகள் மேல் பாய்ந்தார்கள். மேரி அக்கா கேட்டில் போய்க் குறுக்கே நின்றுகொண்டார். டோக்கன் பார்த்துத்தான் ஒவ்வொரு வண்டியாக விட்டார். அந்த நெரிசலில் டோக்கனைத் தொலைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு மேரி அக்கா ஒரு வழி வைத்திருந்தார். வண்டியின் நிறம், நம்பர் எதையும் கேட்க மாட்டார். "உன் வண்டிக்கு இன்னா கோளாறு?" என்று மட்டும் கேட்பார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வைத்திருக்கிற எவனும் அதைத் திட்டாமல் இருக்க மாட்டான். "ஹார்ன் அடிச்சா லைட்டு எரியுதுக்கா." "பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும்." "ஸ்டாண்டு பாதில மடங்கும், என் பொண்டாட்டி ரெண்டு வாட்டி வுழுந்துட்டா." கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். மேரி அக்கா வண்டியில் அதைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார். பதில் சரியாக வராதவர்களை ஓரமாக உட்காரவைப்பார். மற்ற வண்டிகள் எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற வண்டி அவர்களுடையது, அவ்வளவுதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் பழைய கறுப்பு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாலை, வாழைக்கன்று, சந்தனப் பட்டை எல்லாம் என் கைவண்ணம்.

"டோக்கன்?" என்றார் மேரி அக்கா.

"சங்கிலி அறுக்கச் சொல்ல எங்கியோ வுழுந்துடுச்சுக்கா."

நான் உடனே மண்ணில் உட்கார்ந்து அவருடைய டோக்கனைத் தேட ஆரம்பித்தேன். அப்படி ஒரு விசுவாசம். மேரி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் வண்டிக்கு இன்னா கோளாறு நைனா?"

"கோளாறா? ராசா மாதிரி ஓடும்க்கா. ஒரு கொறையும் கெடையாது."

"சரி, அப்டி ஓரமா நில்லு. எல்லாரும் போவட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, இன்னா பேசற நீ? அவரு இல்லனா இந்நேரம் நம்மள ஒதச்சிருப்பாங்க. மனுசனுக்கு மரியாதை வாணாமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டேன். சூப்பர்வைசர் நான்தான். மேரி அக்கா நகர்ந்து வழிவிட்டார். அவர் முகம் எப்படிப் போனது என்று பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை.

தம்பிகளே, நன்றியுணர்ச்சி நல்ல குணம்தான். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும்போது மட்டும் வேண்டாம். நம்மைத் திட்டுகிறவனிடம் நாம் எல்லாக் கேள்வியும் கேட்டுவிடுவோம். உதவி செய்தவனிடம் கேட்க நமக்கு வாய் வராது. அது தெரிந்தவன்தான் வந்து உதவி செய்கிறான்.

அவர் வண்டியில் ஏறி ஏதோ ஒரு சாவியைப் போட்டுத் திருப்பி, உதைத்தார்; அவ்வளவு பழைய வண்டிக்கு எந்தச் சாவியும் திரும்பும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. புறப்படவில்லை. மறுபடி உதைத்தார். ராசா அசையவில்லை. வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. நான் பதறிப்போனேன். பாவம், நமக்காக அவ்வளவு பாடுபட்டவர், வண்டி வேறு மக்கர் பண்ணுகிறதே.

"நீ உக்காருப்பா. நான் தள்றேன், கியர்ல போட்டு வுடு" என்றேன்.

பின்னால் போய் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டோம். அவர் மேலே, நான் பின்னால். கொஞ்சம் மேடு என்பதால் மூச்சு வாங்கியது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

படூரில் அந்த அம்மாவின் மகளுக்கு அன்று விடுமுறை. அதனால் ஜெயந்தியைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பினாள்.

"யோவ்! என் வண்டிய எங்கய்யா தள்ளிகினு போற?"

ஊர் முழுவதற்கும் கேட்டிருக்கும். நான் நிற்கவில்லை. யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தள்ளினேன். அவள் ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் மெதுவாக இறங்கி, "நீங்க பேசிகினு இருங்க, தோ வரேன்" என்றார். நாலு எட்டு நடந்தார். அப்புறம் ஓடினார். சவுக்குத் தோப்புப் பக்கம் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது, அதுவும் மறைந்தது. பையும் ரம்பமும் ஸ்டாண்டிலேயே கிடந்தன.

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? "நல்ல மனுசன்மா, நீ கத்தின கத்துல பயந்து ஓடிட்டாரு பாரு. இது அவரு வண்டி" என்று அவளிடமே வாதாடினேன்.

ஜெயந்தி என் முகத்தைப் பார்த்தாள். நம்பர் பிளேட்டில் இருந்த சந்தனத்தைக் கையால் வழித்துப் போட்டாள். வண்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்த்தாள். சாய்த்த நிலையிலேயே ஒரு உதை விட்டாள். முதல் உதையிலேயே 'டபடப' என்று பிடித்துக்கொண்டது.

"சாய்ச்சாதான் பெட்ரோல் எறங்கும். இதான் இதுக்குக் கோளாறு" என்றாள்.

அதுவரை தைரியமாக நின்றவள், வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "இது போயிருந்தா நாளைக்கு நான் எப்டிப் போவேன்? உன்ன நம்பித்தான வுட்டுட்டுப் போனேன்" என்றாள். மாலையிலிருந்த சாமந்திகள் என்ஜின் ஆட்டத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. நானே கோத்து, நானே பொட்டு வைத்து, நானே அறுத்து, நானே தள்ளிக் கொடுத்திருக்கிறேன். திருடன் செய்த ஒரே வேலை மேலே ஏறி உட்கார்ந்ததுதான். அன்று எனக்கு வந்த வெட்கம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

மேரி அக்கா அந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். நான் கேட்டில் போட்ட சத்தத்துக்கு அவர் திருப்பிக் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அமைதியாகத்தான் கேட்டார்.

"ஊருல கீற ரம்பமெல்லாம் இன்னிக்கு பூஜைல கீது. இவனுது மட்டும் எப்டி பைல இருந்துச்சு? நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கே தோணுச்சு. பொட்டு வச்ச உனக்குத் தோணலியா?"

தோன்றவில்லை. சிற்பி தரவில்லை, மெக்கானிக் தரவில்லை, ஊரே கை ஓய்ந்து உட்கார்ந்திருந்த நாளில் ஒருவனுக்கு மட்டும் தொழில் நடந்துகொண்டிருந்தது. நானோ அவனைக் கும்பிட்டேன். பூட்டு, சங்கிலி, சக்கரத்துக்குப் போடும் டிஸ்க் லாக் எல்லாம் நல்லவைதான். நீங்களும் வாங்குங்கள், எண்ணெய் போடுங்கள், சாவித்துவாரத்தில் சந்தனம் வைக்காதீர்கள். ஆனால் அவசரத்தில் பூட்டு போய்விட்டால் பிறகு மிஞ்சுவது நீங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆளை நான் வாயை அடைத்து ஓரம் கட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் ஜெயந்தி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். வேறு ஸ்டாண்டு பக்கத்தில் இல்லை, வேறு வழியும் அவளுக்கு இல்லை. நான் புதுச் சங்கிலியும், தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டும் தயாராக வைத்திருந்தேன். தூக்கிக் காட்டினேன்.

"இத ஆனையே வந்தாலும் ஒடைக்க முடியாதும்மா."

அவள் பூட்டைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் மேரி அக்காவிடம் வண்டியை விட்டாள்.

"அக்கா, இத நல்லா சங்கிலி போட்டுக் கட்டிடு. அப்டியே இந்த அண்ணாத்தயையும் சேத்துக் கட்டிடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மேரி அக்கா என்னைக் கட்டவில்லை. தன் நாற்காலியை மட்டும் தூக்கிவந்து அந்த வண்டிக்குப் பக்கத்தில் போட்டு, என்னைப் பார்த்தார். சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.